ஈரமான அமில மண்ணில் எதை நடலாம்: ப்ளூபெர்ரியா, அரோனியாவா, விண்டர்பெர்ரியா?

தோட்டத்தில் ஒரு மூலை எப்போதும் ஈரமாகவே கிடக்கிறது. மண்ணைச் சோதித்துப் பார்த்தால் அமிலத்தன்மை என்று வருகிறது. காய்கறி எதுவும் அங்கே உருப்படுவதில்லை. இப்படி ஒரு இடம் வாய்த்தால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, சுண்ணாம்பைக் கொட்டி அதைத் திருத்தப் பார்ப்பது. கிழக்கு வட அமெரிக்காவில் தோட்டம் வைத்திருப்பவர்கள் அந்தச் சுண்ணாம்பு மூட்டையைத் திறக்கவே வேண்டாம். அங்கே சதுப்பு ஓரங்களிலும் பைன் காடுகளின் தாழ்வான பகுதிகளிலும் இதே மாதிரி மண்ணில்தான், யாரும் தண்ணீர் ஊற்றாமல் உரம் போடாமல், அந்த நிலத்துக்கே உரிய பெர்ரிப் புதர்கள் காலங்காலமாகக் காய்த்துக்கொண்டிருக்கின்றன. மண்ணோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவதை விட அந்த மண்ணையே விரும்பும் செடியை வைத்துவிட்டுப் போவது சுலபம்.

எந்தச் செடி என்பதில்தான் குழப்பம். நர்சரிப் பட்டியலைத் திறந்தால் ஒரு டஜன் பெயர்கள் இருக்கும், எல்லாவற்றுக்கும் கீழே 'ஈரப்பதமான அமில மண்ணுக்கு ஏற்றது' என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை நம்பி வாங்கினால் பாதிக்குப் பாதி ஏமாற்றம்தான், ஏனென்றால் ஈரம் என்பதிலும் பல தினுசு, அமிலம் என்பதிலும் பல தினுசு. என் கணக்கில் நிஜமான போட்டி மூன்றுக்குள்தான்: ஹைபுஷ் ப்ளூபெர்ரி, கருப்பு அரோனியா, விண்டர்பெர்ரி. எல்டர்பெர்ரி, சர்வீஸ்பெர்ரி இரண்டையும் கடைசியில் தொட்டுவிட்டுப் போகலாம். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் தேங்காத, பி.எச் (மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே உள்ள இடமென்றால் யோசிக்காமல் ப்ளூபெர்ரி. இந்த இரண்டு நிபந்தனையில் ஒன்று இடித்தாலும் அரோனியா. இரண்டு நாள் மழைக்கு ஒரு வாரம் குளமாக நிற்கிற இடத்தில், தின்பதற்கு வேண்டாம் பார்க்க அழகாக இருந்தால் போதும் என்றால், விண்டர்பெர்ரி.

இதை ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பழத்தின் ருசியை வைத்து அல்ல, அந்த இடத்தின் பி.எச்சையும் தண்ணீர் நிற்கும் நேரத்தையும் வைத்துத்தான். ருசியைப் பார்த்து வாங்கிய ப்ளூபெர்ரி சரியில்லாத மண்ணில் மூன்று வருடம் குட்டையாகவே நின்று, மஞ்சளித்து, ஒரு கைப்பிடிப் பழம் கூடத் தராமல் போய்விடும். அதே இடத்தில் அரோனியா தளதளவென்று நிற்கும்.

அதனால் முதல் வேலை மண் சோதனை. கடையில் கிடைக்கும் இரண்டு முள் குத்திப் பார்க்கும் மீட்டரை நம்பாதீர்கள், அது காட்டும் எண்ணுக்கும் உண்மைக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நடப்போகும் இடத்தில் நாலைந்து புள்ளிகளில், மேலிருந்து ஆறு அங்குலம் வரை மண் எடுத்து, கலந்து, அதில் ஒரு பிடி. வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நடுவதாக இருந்தால் அந்த இடத்து மண்ணைத் தனியாக அனுப்ப வேண்டும், ஏனென்றால் அஸ்திவாரக் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து அங்கே மட்டும் பி.எச் ஏறியிருக்கும். தோட்டத்தின் நடுவில் 5.2 காட்டுகிற வீட்டில் சுவரோரம் 6.8 காட்டுவது ஆச்சரியமே இல்லை.

பி.எச் எண்களில் இன்னொரு விஷயம். 6.5க்கும் 5.5க்கும் ஒரு எண்தான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் அது பத்து மடங்கு. 6.5லிருந்து 4.5க்கு என்றால் நூறு மடங்கு. 'கொஞ்சம் பைன் ஊசி இலையைப் போட்டால் சரியாகிவிடும்' என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பைன் ஊசி இலை நல்ல மூடாக்கு, அவ்வளவுதான். பி.எச்சை அது கிட்டத்தட்ட அசைக்காது. பயன்படுத்திய காபித் தூளும் அப்படியே, காய்ச்சி வடித்த பிறகு அதில் பெரிய அமிலம் மிச்சமில்லை. வினிகர் ஊற்றினால் சில நாள் இறங்கி மறுபடி ஏறிக்கொள்ளும்.

அப்புறம் தண்ணீர். ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, நிரப்பி, முழுக்க வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் வடிகால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் பாதிக் குழி தண்ணீர் நின்றால் அது ஈர மண் இல்லை, சேறு. வெட்டிய குழியின் அடிப்பகுதி சாம்பல் நிறத்தில், ஆங்காங்கே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுத் திட்டுகளோடு இருந்தால் சோதனையே தேவையில்லை, வருடத்தில் பல மாதம் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று மண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது.

சரி, இப்போது செடிகளுக்கு வருவோம்.

ஹைபுஷ் ப்ளூபெர்ரி காட்டில் ஆறு அடியிலிருந்து பன்னிரண்டு அடி வரை வளரும் புதர். இன்று உலகம் முழுக்கத் தோட்டங்களில் விளையும் பெரிய ப்ளூபெர்ரிக்கு ஆதி இதுதான், அதைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்து 100 வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பலர் முயன்று தோற்றார்கள், காரணம் ரொம்ப எளிமையானது: நல்ல வளமான, சுண்ணாம்பிட்ட தோட்ட மண்ணில் வைத்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில் 1910இல் வெளியிட்ட அறிக்கையில்தான் இந்தச் செடிக்கு வேண்டியது அமில மண், மற்ற பயிருக்கு நல்லது என்று நினைப்பது இதற்கு விஷம் என்று தெளிவானது. அதைப் படித்துவிட்டு நியூ ஜெர்சியின் வைட்ஸ்பாக்கில் கிரான்பெர்ரிப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் வைட் 1911இல் அவரைத் தொடர்புகொண்டார். சுற்றுவட்டாரத்தில் காட்டுப் பழம் பறிப்பவர்களிடம் எட்டில் ஐந்து பங்கு அங்குல ஓட்டை போட்ட அளவுத் தகட்டைக் கொடுத்து, அந்த ஓட்டையில் நுழையாத அளவு பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் பணம் என்றார். 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. அப்போது காட்டிலிருந்து எடுத்த ரூபெல் என்ற ரகம், கலப்பே இல்லாத காட்டுச் செடியாகவே, இன்றும் நர்சரியில் கிடைக்கிறது. கண்டுபிடித்த ரூப் லீக்கின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். நாட்டுச் செடிதான் வேண்டும், ஆனால் பழமும் நன்றாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். பழம் சின்னது, ருசி அடர்த்தி.

ஃபிரெடெரிக் கோவில் கண்டுபிடித்ததன் சூட்சுமம் வேரில் இருக்கிறது. ப்ளூபெர்ரி வேர் தலைமுடி மாதிரி மெல்லியது, மேல்மண்ணில் ஒன்றரை அடிக்குள் பரவி நிற்கும், மற்ற செடிகளுக்கு உள்ள வேர்த்தூவிகள் இதற்குக் கிடையாது. அந்த வேலையை வேருக்குள் குடியிருக்கும் ஒரு வகைப் பூஞ்சை செய்கிறது, அந்தக் கூட்டணி அமில மண்ணில்தான் நன்றாக நடக்கும். நைட்ரஜனையும் இந்தச் செடி அமோனியம் வடிவில்தான் விரும்பி எடுக்கும், நைட்ரேட்டை வைத்துக்கொண்டு அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்யத் தெரியாது. பி.எச் 4.5 முதல் 5.2 வரை இருந்தால் ராஜா. 5.5 வரை சமாளிக்கும். அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது.

அந்த நிலைமையைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். கிளை நுனியில் புதிதாக வரும் இளம் இலைகள்தான் முதலில் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நிற்க, இடையில் உள்ள பகுதி எலுமிச்சை மஞ்சளாகும், இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் பச்சை நூலில் பின்னிய வலை போலத் தெரியும். கீழே உள்ள பழைய இலைகள் அப்போதும் பச்சையாகவே இருக்கும். இதைப் பார்த்துவிட்டு உரம் போதவில்லை என்று இன்னும் உரம் கொட்டுவார்கள், அது செடியை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். பி.எச்சை இறக்காமல் இதற்கு நிரந்தர மருந்து கிடையாது.

ஈரம் விஷயத்தில்தான் ப்ளூபெர்ரி பலரை ஏமாற்றுகிறது. சதுப்பில் வளரும் செடி என்று படித்துவிட்டு நீர் தேங்கும் பள்ளத்தில் வைப்பார்கள். சதுப்பில் அது எங்கே நிற்கிறது என்று கவனித்தால் புரியும்: பாசியும் மட்கிய கட்டையும் சேர்ந்து மேடிட்ட திட்டின் மேல், நீர் மட்டத்துக்கு ஒரு அடியோ ஒன்றரை அடியோ உயரத்தில். வேர் நுனிக்கு ஈரம் எட்டும், வேர்க்கழுத்து ஒருபோதும் மூழ்காது. வளரும் பருவத்தில் நீரில் ஊறினால் பைட்டாஃப்தோரா என்ற கிருமியால் வேரழுகல் வந்துவிடும். ஆகவே இடம் கொஞ்சம் தாழ்வு என்றால் எட்டு முதல் பன்னிரண்டு அங்குல உயர மேட்டுப் பாத்தி போட்டு அதன் மேல் வையுங்கள். கனமான ஈர மண்ணைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் ரகம் வேண்டுமென்றால் பேட்ரியட்டைப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மேலோட்டமான வேர் என்பதால் கோடையில் ஒரு வாரம் காய்ந்தாலே வாடும். வாரத்துக்கு ஒன்று முதல் இரண்டு அங்குல நீர் வேண்டும், பழம் திரளும் சமயத்தில் கட்டாயம். கொடுக்கும் நீர் கடினநீர் என்றால் அதிலுள்ள சுண்ணாம்பு வருடக்கணக்கில் சேர்ந்து பி.எச்சை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும், முடிந்தால் மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். மூன்று நான்கு அங்குல கனத்துக்கு மரச்சீவலோ பைன் பட்டையோ மூடாக்கு, அதுவும் தண்டை ஒட்டாமல். இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. மண்வெட்டியால் கொத்தாதீர்கள், வேர் அங்கேயேதான் இருக்கிறது.

ப்ளூபெர்ரியில் ஹைபுஷ் மட்டும்தானா என்றால் இல்லை, ஆனால் மற்றவை வேறு நிலத்துக்கானவை. லோபுஷ் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலும் கனடாவின் அட்லாண்டிக் கரையோர மாகாணங்களிலும் மணலான வெட்டவெளியில் படரும் குட்டைச் செடி, ஒரு அடியைத் தாண்டுவதே கஷ்டம். தரைக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும், கடுங்குளிரை அநாயாசமாகத் தாங்கும், ஆனால் வடிகால் நன்றாக இருக்க வேண்டும். நம் ஈர மூலைக்கு ஆகாது, அதே தோட்டத்தின் மேட்டுச் சரிவுக்கு நல்ல தேர்வு. ராபிட்ஐ தென்கிழக்கு மாநிலங்களின் செடி. குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஹைபுஷ்ஷுக்கு ஏறத்தாழ 800 முதல் 1000 மணிநேரம் வேண்டும், ராபிட்ஐக்கு 300 முதல் 600 போதும். அதனால் ஜார்ஜியா, வடக்கு ஃப்ளோரிடா மாதிரி மிதமான குளிர் உள்ள இடத்தில் வடக்கு ஹைபுஷ்ஷை வைத்து அழுவதை விட இதுதான் சரி. ஆனால் ராபிட்ஐயில் ஒரே ரகம் தனியாக வைத்தால் பழமே பெயருக்குத்தான் இருக்கும், கண்டிப்பாக இரண்டு ரகம் வேண்டும். ஹைபுஷ் தனியாகவும் காய்க்கும், பக்கத்தில் வேறு ரகம் ஒன்று இருந்தால் பழம் பெரிதாகும், ஒரு வாரம் முன்பின் பழுத்துப் பருவமும் நீளும். டியூக் முன்னாடி, ப்ளூகிராப் நடுவில், எலியட் கடைசியில் என்று மூன்றை வைத்தால் கோடை முழுக்க ஓடும்.

பூ குடுவை மாதிரி கவிழ்ந்து தொங்கும். மகரந்தம் அதன் பைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும், பம்பிள்பீ வந்து பூவைப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் நன்றாக உதிரும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பூக்கிற சமயத்தில் பூச்சிமருந்தே அடிக்காதீர்கள்.

பொறுமையும் வேண்டும். முதல் இரண்டு வருடம் பூவைக் கிள்ளிவிடச் சொல்வார்கள், மனசு வராது, ஆனாலும் கிள்ளுவது நல்லது. முழு விளைச்சலுக்கு ஆறு முதல் எட்டு வருடம் ஆகும். அதற்குப் பிறகு ஒரு புதரிலிருந்து மூன்று நான்கு கிலோ வரை எதிர்பார்க்கலாம், பராமரித்தால் முப்பது நாற்பது வருடம் நிற்கும். ஆறு வருடத்தைத் தாண்டிய தடித்த, சாம்பல் நிறத் தண்டுகளைக் குளிர்கால முடிவில் அடியோடு வெட்டிவிடுவதுதான் கவாத்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு தண்டு போதும். நுனியை மட்டும் சீராக வெட்டி அழகு பார்த்தால் பூ மொட்டையெல்லாம் வெட்டி எறிந்த மாதிரி ஆகிவிடும்.

பழம் நீலமானதும் பறிக்கிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் தவறு. காம்பு ஒட்டும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கே செம்மை ஒரு வளையமாக மிச்சமிருந்தால் இன்னும் புளிப்பு. அந்த வளையம் மறைந்து மூன்று நான்கு நாள் போனதும், கொத்துக்கு அடியில் கையை ஏந்திக் கட்டைவிரலால் லேசாக உருட்டினால் பழுத்தது தானாக உள்ளங்கையில் விழும், பழுக்காதது காம்பை விடாது. இந்த மூன்று நான்கு நாளைக்குத்தான் பறவைகளும் காத்திருக்கின்றன. வலை இல்லாமல் ப்ளூபெர்ரி வளர்ப்பதாக இருந்தால் பறவைக்கு வளர்க்கிறோம் என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்வது நல்லது. 2008இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கண்டறியப்பட்டு வேகமாகப் பரவிய புள்ளிச்சிறகுப் பழ ஈ இன்னொரு தலைவலி. அதன் இனத்து மற்ற ஈக்கள் பெரும்பாலும் அழுகிய பழத்தைத் தேடும், இது பழுத்துவரும் நல்ல பழத்தையே கீறி முட்டையிடும். கோடை முற்ற முற்ற அதன் எண்ணிக்கை பெருகும், ஆகவே அதன் தொல்லை உள்ள பகுதியில் எலியட் மாதிரிப் பின்பருவ ரகத்தைக் குறைத்து, முன்பருவ ரகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இத்தனை நிபந்தனையும் இத்தனை எதிரியும் இருந்தும் ஏன் ப்ளூபெர்ரிக்கே முதலிடம் தருகிறேன்? சரியான மண் ஏற்கெனவே இருந்தால் மேலே சொன்னதில் பாதித் தொல்லை வரவே வராது. பறித்து அப்படியே வாயில் போடலாம். வசந்தத்தில் வெள்ளைப் பூ, இலையுதிர் காலத்தில் இலை முழுக்கச் சிவப்பு, குளிர்காலத்தில் இளந்தண்டுகளுமே செம்மை. இந்த மண்ணில் இத்தனையையும் ஒன்றாகத் தரும் வேறு புதரை எனக்குத் தெரியாது.

அரோனியா இதற்கு நேர்மாறான குணம். மூன்று முதல் ஆறு அடி உயரம், கோபமே வராத செடி. பி.எச் 5 ஆனாலும் சரி 6.5 ஆனாலும் சரி. சில நாள் வேர் நனைந்தாலும் சரி, இரண்டு வாரம் காய்ந்தாலும் சரி. களிமண்ணிலும் நிற்கும். ஒற்றைச் செடியே தன் மகரந்தத்தில் காய்த்துவிடும், துணை தேவையில்லை. கொஞ்சம் தாமதமாகப் பூப்பதால் வசந்தத்தின் கடைசிப் பனியில் பூ கருகுவதும் குறைவு. மூன்றாவது வருடத்திலேயே கொத்துக் கொத்தாகக் கருப்புப் பழம் வந்துவிடும். வலை கூடப் பெரும்பாலும் வேண்டியதில்லை, பறவைகள் நல்ல பழமெல்லாம் தீர்ந்த பிறகுதான் இதைத் தேடி வரும்.

பறவையே தள்ளிப்போடுகிறது என்றால் காரணம் இருக்குமே. செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தால் முதலில் இனிப்புதான் தெரியும், சர்க்கரைக்கு அதில் பஞ்சமில்லை. அடுத்த கணம் துவர்ப்பு வந்து நாக்கை மேலண்ணத்தோடு ஒட்டவைத்துவிடும், பல்லின் ஓரமெல்லாம் வறண்டு மாவு பூசின மாதிரி ஆகிவிடும். தண்ணீர் குடித்தாலும் உடனே போகாது. உறையவைத்து எடுத்தால் துவர்ப்பு கொஞ்சம் தணியும், ஜாம், சாறு, சிரப் என்று வேறு பழங்களோடு கலந்தால் நிறத்துக்கும் சுவைக்கும் அருமை. சமைக்கிற பழக்கமும் நேரமும் இருப்பவர்களுக்கு அரோனியா பொக்கிஷம், குழந்தைகள் செடியோரம் நின்று பறித்துத் தின்னட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம். வாங்குமுன் இந்த ஒன்றை வீட்டில் எல்லோரிடமும் பேசிவிடுங்கள்.

நாட்டுச் செடி என்ற பிடிவாதம் உள்ளவர்கள் ரகத்தையும் பார்க்க வேண்டும். வைகிங், நீரோ என்று பரவலாக விற்கும் பெரிய பழ ரகங்கள், அமெரிக்கச் செடி ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் போய், ரஷ்யத் தாவர வளர்ப்பாளர் மிச்சூரின் செய்த கலப்பின வேலைகளின் வழியில் வந்தவை. அவற்றில் ரோவன் மரத்தின் கலப்பு இருப்பதாக மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழத்துக்காக வைப்பதென்றால் அவை நன்றாகவே இருக்கின்றன, நானும் குறை சொல்லமாட்டேன். காட்டுச் செடியேதான் வேண்டுமென்றால் விதையிலிருந்து வளர்த்த அரோனியா மெலனோகார்ப்பா என்று கேட்டு வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் வேர்க்கன்று விடும், வருடா வருடம் ஓரத்தில் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்துச் செடியின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். சிவப்பு அரோனியா என்று இன்னொன்று உண்டு. அது இலையுதிர்கால நிறத்துக்காக வைப்பது, பழத்துக்காக அல்ல.

விண்டர்பெர்ரியைப் பற்றி ஒரு விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும்: அந்தப் பழம் மனிதர்கள் தின்பதற்கில்லை. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. சின்னக் குழந்தைகள் ஓடியாடும் இடத்தில், அவர்கள் கண்ணுயரத்தில் மினுமினுக்கும் சிவப்புப் பழத்தை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கவலை இல்லாத வீட்டில், நீர் நிற்கும் பள்ளத்துக்கு இதைவிடப் பொருத்தமான புதர் கிடையாது. பொதுவாக இலை உதிராத ஹாலி என்ற செடியினம்தான், ஆனால் இது இலையை உதிர்த்துவிடும். இலை போன பிறகு வெறும் கருந்தண்டுகளில் சிவப்புப் பழம் அப்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்கத்தான் இதை வைப்பதே. குளிர் முற்றியதும் ராபின், வேக்ஸ்விங் பறவைகள் கூட்டமாக வந்து ஒரே நாளில் துடைத்துவிட்டுப் போகும். பி.எச் 4.5 முதல் 6.5 வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் இதுவும் ப்ளூபெர்ரி மாதிரியே மஞ்சளிக்கும்.

இதில் மாட்டிக்கொள்வது ஆண் பெண் விவகாரத்தில்தான். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண்ணில் மட்டும்தான் பழம். ஐந்தாறு பெண் செடிகளுக்கு ஒரு ஆண் போதும், ஐம்பது அடிக்குள் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். குட்டையான ரெட் ஸ்ப்ரைட் வாங்கினால் அதற்கு ஜிம் டேண்டி. உயரமான விண்டர் ரெட் வாங்கினால் சதர்ன் ஜென்டில்மேன். ஜோடியை மாற்றினால் ஆண் பூத்து முடிந்த பிறகு பெண் பூக்கும், இல்லை அதற்கு நேர்மாறாக நடக்கும். பெயரில்லாத, விதையிலிருந்து வந்த கன்றை வாங்கினால் பூக்கும் வரை அது எதுவென்று யாருக்கும் தெரியாது. இரண்டு செடிக்குத்தான் இடம் இருக்கிறது, அதில் ஒன்று காய்க்காத ஆண் என்பது சிறிய தோட்டத்தில் ஒரு நிஜமான இழப்பு. இந்தக் கணக்கில்தான் பல சிறிய தோட்டங்களுக்கு நான் விண்டர்பெர்ரியைச் சொல்வதில்லை.

எல்டர்பெர்ரிக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் வளமான மண்ணும் வேண்டும், பி.எச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் சந்தோஷமாக இருக்கும். பத்து அடி வரை எகிறும், சிறிய மூலைக்கு ஆள் பெரிது. பச்சையாகத் தின்னக்கூடாது, தண்டும் இலையும் நச்சு, பழத்தைக் கொதிக்கவைத்த பிறகுதான் எதுவும். இடமும் பெரிய பாத்திரமும் இருப்பவர்களுக்கு யார்க், நோவா என்று இரண்டு ரகம் சேர்த்து வைத்தால் நன்றாகக் காய்க்கும். சர்வீஸ்பெர்ரி ஈர மண்ணையும் அமிலத்தையும் ஏற்கும், பழம் ப்ளூபெர்ரிக்கு முன்னாலேயே பழுக்கும், ருசியும் நல்ல ருசி. ஆனால் பக்கத்தில் ஜூனிபர் மரம் இருந்தால் துரு நோய் பழத்தின் மேல் ஆரஞ்சு முள்ளாக முளைத்துப் பருவத்தையே நாசமாக்கும். சுற்றிலும் ஜூனிபர் இல்லை என்றால் மட்டும் யோசியுங்கள்.

இடத்துக்கு இடம் என்ன செய்வேன் என்று கேட்டால்: ஒரு நாளில் ஆறு மணிநேரத்துக்குக் குறையாமல் வெயில் படுகிற, பி.எச் 5 வாக்கில் உள்ள, குழிச் சோதனையில் தேறிய இடத்தில் ஹைபுஷ் இரண்டு ரகம், நாலைந்து அடி இடைவெளியில். அதே இடத்தின் தாழ்ந்த ஓரத்தில், வெயில் கொஞ்சம் குறைகிற பக்கம், ஒரு அரோனியா. வேலைக்குப் போய் வந்து வாரக் கடைசியில் மட்டும் தோட்டத்தைப் பார்க்கிறவர் என்றால் ப்ளூபெர்ரியையே விட்டுவிட்டு அரோனியா மட்டும். பாதி நிழல், நிரந்தரச் சேறு என்றால் விண்டர்பெர்ரி, அதுவும் ஜோடியோடு. பி.எச் 7ஐத் தாண்டி, மண்ணில் சுண்ணாம்புக் கல் பொடியாகவே கிடக்கும் இடமென்றால் தரையில் ப்ளூபெர்ரியை மறந்துவிடுங்கள், எவ்வளவு கந்தகம் போட்டாலும் அந்தச் சுண்ணாம்பு தின்றுவிடும். ஆசை விடவில்லை என்றால் பைன் பட்டையும் பீட் மாஸும் நிரப்பிய பெரிய தொட்டியில் ஒரு குட்டை ரகம் வைத்துக்கொள்ளலாம், நார்த்ஸ்கை மாதிரி.

நடுவில் மாட்டிக்கொள்வது 5.6 முதல் 6.2 வரை காட்டுகிற மண். அங்கே ப்ளூபெர்ரி முடியும், ஆனால் அவசரப்படக்கூடாது. தூள் கந்தகம்தான் சரியான பொருள். அலுமினியம் சல்பேட் வேகமாக வேலை செய்யும், ஆனால் அளவு கூடினால் அலுமினியமே வேரைக் கெடுக்கும். 6.0லிருந்து 4.5க்கு இறக்க, 100 சதுர அடிக்கு மணற்பாங்கான மண்ணில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல், வண்டல் கலந்த மண்ணில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். களிமண்ணில் இன்னும் அதிகம். கந்தகத்தை அமிலமாக மாற்றுவது மண்ணிலுள்ள பாக்டீரியா, அதற்குச் சூடும் ஈரமும் மாதக்கணக்கில் நேரமும் வேண்டும், குளிர்ந்த மண்ணில் அது தூங்கிவிடும். ஆகவே இந்த வருடம் கோடை முடிவதற்குள் கந்தகத்தைப் போட்டு ஆறு அங்குலத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள், மேலே மூடாக்கு போட்டு அப்படியே விடுங்கள். செடி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், தொட்டியிலேயே வேர் சுற்றிக்கொள்ளும். அடுத்த வசந்தத்தில் மறுபடி மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 5.2க்கு வந்திருந்தால் ப்ளூபெர்ரி. 5.5ஐச் சுற்றி நின்றால் இன்னும் பாதி அளவு கந்தகம், இன்னும் ஒரு கோடை. எண் கொஞ்சம் கூட அசையவில்லை என்றால் அந்த மண்ணில் சுண்ணாம்பு ஒளிந்திருக்கிறது, வாதாடாமல் அரோனியாவுக்குக் குழி வெட்டிவிடலாம்.